ஏஎஃப்-பாக்கெட்டா, டிபிடிகேவா? 10 ஜி சென்சாருக்கு எது தோது

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில், நெட்வொர்க்கில் தாக்குதல் வருகிறதா என்று கண்காணிக்கும் சூரிகாட்டா சாஃப்ட்வேர் ஓடும் டிராஃபிக் அனாலிசிஸ் பெட்டி (சென்சார்) ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. 10 ஜி (விநாடிக்கு 10 கிகாபிட்) லிங்க், இன்டெல் நெட்வொர்க் கார்டு. பீக் நேரத்தில் பாக்கெட் டிராப் (பெட்டி பார்க்காமலே தவறவிடும் பாக்கெட்) ஏறியதும், பாக்கெட்டைப் பிடித்துக் கொடுக்க லினக்ஸ் கெர்னலோடு வரும் ஏஎஃப்-பாக்கெட்டை விட்டு, கெர்னலையே தாண்டி கார்டிலிருந்து நேரே எடுக்கும் டிபிடிகே லைப்ரரிக்கு மாறலாமா என்ற பேச்சு வந்தது. மாறவில்லை. யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

வேகத்தில் டிபிடிகேதான் மேல். 10 ஜி முழுக்கச் சின்ன பாக்கெட்டாக வந்தால் விநாடிக்கு ஏறத்தாழ 1.49 கோடி, அங்கே கெர்னல் திணறும். ஆனால் அலுவலக டிராஃபிக் அப்படி வருவதில்லை. பாக்கெட் பிடிக்க பிஎஃப்-ரிங் என்ற மூன்றாவது வழியும் உண்டு, கெர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலை மறுபடி பில்ட் செய்ய வேண்டும் என்பதால் அதை எடுக்கவில்லை.

எங்கள் டிராப் குறைந்தது டியூனிங்கில்தான். முதலில் ஈத்டூல் என்ற கார்டு செட்டிங் கமாண்டில் ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ என்ற இரண்டு வசதிகளையும் அணைத்தோம். அவை பாக்கெட்டுகளை ஒட்டி ஒன்றாக்கிவிடும்; வயரில் வந்த உருவம் சூரிகாட்டாவுக்குக் கிடைக்காது. அப்புறம் கிளஸ்டர்-க்யூஎம் முறை: கார்டின் ஒவ்வொரு கியூவும் ஒரு வொர்க்கர் திரெட்டுக்குப் போகும். அதில் ஒரே இணைப்பின் போக்கும் வரத்தும் ஒரே கியூவில் விழ, பாக்கெட்டை எந்த கியூவில் போடுவது என்று கார்டு முடிவு செய்யும் ஆர்எஸ்எஸ் ஹாஷ் சிமெட்ரிக்காக (இரு திசைக்கும் ஒரே விடை தருவதாக) இருந்தே ஆக வேண்டும். வொர்க்கர் திரெட்களைக் கார்டு இருக்கும் நுமா நோடின் (கார்டுக்குப் பக்கத்து சிபியூவும் மெமரியும் சேர்ந்த பகுதி) கோர்களிலேயே கட்டினோம். ராத்திரி பேக்கப் ஒரே பெரிய ஃப்ளோவாக (ஒரே இணைப்பாக) வந்து ஒரு கோரை மட்டும் அமுக்கியது. அதை கெர்னலிலேயே பாக்கெட்டை வடிகட்டும் பிபிஎஃப் ஃபில்டரில் விலக்கினோம். டிபிடிகே போட்டிருந்தாலும் அந்த ஒரு கோர் அமுங்கித்தான் இருக்கும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. வெள்ளி ராத்திரி டீமில் பாதிப் பேர் மடிவாளாவில் சேலம், கோவை பஸ் ஏறிவிடுவார்கள். டியூட்டியில் மிஞ்சுவது பெரும்பாலும் புதுசாகச் சேர்ந்தவர். ஏஎஃப்-பாக்கெட் என்றால் அவர் டிசிபிடம்ப் (பாக்கெட்டைத் திரையில் காட்டும் கமாண்ட்) போட்டுப் பார்ப்பார். ஸ்டாட்ஸ் லாகில் கெர்னல் டிராப்ஸ் எண்ணைப் படித்துச் சொல்வார். டிபிடிகேவில் இன்டெல் கார்டை விஎஃப்ஐஓ டிரைவருக்குக் கொடுத்ததும் அது கெர்னல் கையை விட்டுப் போய், ஐபி லிங்க் கமாண்ட் காட்டும் பட்டியலில் இன்டர்ஃபேஸே இருக்காது. போலிங் முறையில் (பாக்கெட் வந்ததா என்று கோர் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருப்பது) டிராஃபிக் இல்லாதபோதும் டாப் கமாண்டில் சிபியூ 100 சதவீதம் காட்டும். பெட்டி திணறுகிறதா, சும்மா சுற்றுகிறதா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஹியூஜ்பேஜ் (பெரிய மெமரித் துண்டுகள்), ஐஓஎம்எம்யூ (கார்டு தொடும் மெமரியைக் கட்டுப்படுத்துவது) செட்டிங் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். டிபிடிகே லைப்ரரியின் பெரிய வெர்ஷன் மாறினால் சூரிகாட்டாவையும் திரும்ப பில்ட் செய்ய வேண்டும். சனிக்கிழமை காலை இதையெல்லாம் ஃபோனில் சொல்லி ஒருவரைச் செய்ய வைப்பது பெரும்பாடு.

ஆனால் டிபிடிகேவை லேபில் கொஞ்ச நாள்தான் ஓட்டியிருக்கிறேன். 40 ஜி, 100 ஜி லிங்க் என் கைக்கு வந்ததே இல்லை. அந்த அளவில் கணக்கு மாறலாம். மெல்லனாக்ஸ் கார்டென்றால் டிபிடிகே ஓடும்போதும் இன்டர்ஃபேஸ் கெர்னலிடமே இருக்கும், அதனால் நான் மேலே சொன்ன குறைகளில் ஒன்று (இன்டர்ஃபேஸ் மறைவது) அங்கே பொருந்தாது. 10 ஜியில், மேலே சொன்ன டியூனிங் எல்லாம் முடித்த பிறகும் பகல் நேரத்தில் கெர்னல் டிராப்ஸ் ஏறிக்கொண்டே போனால், சரி, அப்போது டிபிடிகேவைத் தொடுவேன்.