நாய்க்குட்டிகளும் எங்கள் நிலைக்கண்ணாடியும்: ஆறு ஆண்டு அனுபவம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்று ஆறு ஆண்டுகளாக இருக்கிறது. அதன் கீழ் விளிம்பு தரையை ஒட்டியே இருப்பதால், இந்தக் காலத்தில் எட்டு வார வயதில் வீட்டுக்கு வந்த மூன்று நாய்க்குட்டிகளும் முதல் நாளிலேயே அதன் முன் போய் நின்றன. குட்டி வளரும் வீட்டில் இப்படியொரு கண்ணாடி இருக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக நான் கண்டவற்றை எழுதுகிறேன்.

மூத்தவள் மணி. கண்ணாடிக்குச் சற்றுத் தொலைவில் சட்டென்று நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். எதிரே தெரிந்த குட்டியும் தலையைச் சாய்த்தது. உடனே முன்னங்கால்களை நீட்டி, மார்பைத் தரையோடு தாழ்த்தி, பின்புறத்தை உயர்த்தி வாலை ஆட்டினாள். நாய்கள் ஒன்றையொன்று விளையாட அழைக்கும் முறை அது. எதிரே இருந்ததும் அதே நொடியில் அழைத்ததே தவிர, ஓடி வரவில்லை. இரண்டு முறை குரைத்தாள், காலால் தட்டினாள், பிறகு மூக்கை வைத்து நெடுநேரம் முகர்ந்தாள். குளிர்ந்த பரப்பில் நாயின் வாசனை எதுவும் கிடைக்காததால், பக்கவாட்டு இடைவெளியில் தலையை நுழைத்து அந்தக் குட்டியைக் கண்ணாடிக்குப் பின்னால் தேடத் தொடங்கினாள். அப்போது கண்ணாடியைச் சுவரில் வெறுமனே சாய்த்து வைத்திருந்தோம். அவள் தோள் பட்டதும் அது வழுக்கியது. நான் அருகில் இருந்ததால் பிடித்துவிட்டேன். அன்று மாலையே திருகாணி போட்டுச் சுவரோடு பொருத்தினோம். குட்டி உள்ள வீட்டில் கண்ணாடியைச் சாய்த்து வைக்கவே கூடாது என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது.

இரண்டாவதாக வந்த கருப்பனிடம் ஒரு வேறுபாடு தெரிந்தது. மணி இரண்டே நாளில் கண்ணாடிக் குட்டியைக் கண்டுகொள்ளாமல் விட்டாள். கருப்பனுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆயிற்று. இரு குட்டிகளின் குணமும் வேறு என்பதால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும், பின்னால் போய்ப் பார்த்து "இங்கே யாரும் இல்லை" என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு மணிக்குக் கிடைத்ததும், சுவரோடு ஒட்டிய கண்ணாடியில் அது கருப்பனுக்குக் கிடைக்காததும் காரணமாக இருக்கலாம் என்றே நினைக்கிறேன். அவன் நாள்தோறும் சட்டத்தின் ஓரத்தைப் பிராண்டிக்கொண்டிருந்தான்.

இப்படி ஆர்வம் வடிந்துபோவதைப் பார்த்து, நாய்க்கு அறிவு போதாது என்று சிலர் முடிவு கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1970ஆம் ஆண்டு கார்டன் கேலப் என்ற உளவியலாளர், சிம்பன்சிகளை மயக்கத்தில் வைத்து முகத்தில் வண்ணப் பொட்டு இட்டு, விழித்த பின் கண்ணாடியைக் காட்டினார். அவை தம் முகத்திலிருந்த பொட்டையே தொட்டுப் பார்த்தன. கண்ணாடியில் தெரிவது தாமே என்று அவை அறிந்ததற்கு அடையாளமாக அது கொள்ளப்பட்டது. மனிதக் குழந்தைகள் பெரும்பாலும் 18 முதல் 24 மாத வயதில் இந்தச் சோதனையைத் தாண்டுகின்றன. நாய்கள் தாண்டுவதில்லை. ஆனால் அது கண்ணை நம்பி வாழும் உயிர்களுக்கு ஏற்ற சோதனை. நாய்களின் அறிவை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2017இல் வெளியிட்ட ஆய்வில், நாய்கள் தம் சிறுநீரின் வாசனையை அப்படியே வைத்தபோது முகர்ந்ததைவிட, அதனுடன் வேறொரு வாசனை கலந்திருந்தபோது அதிக நேரம் முகர்ந்தன. தன் வாசனையில் ஏதோ மாறியிருப்பது நாய்க்குத் தெரிகிறது என்றே அதை நான் புரிந்துகொள்கிறேன். மணி அன்று முகர்ந்து பார்த்து விலகியதும் எனக்கு அந்த வகையில் நேர்மையான முடிவாகவே படுகிறது.

மூன்றாமவள் செல்லி பயந்த சுபாவம். முதுகு மயிர் சிலிர்க்க, வாலை இடுக்கிக்கொண்டு பின்வாங்கினாள். தூக்கிக்கொண்டு போய்க் காட்டினால் பயம் தெளிந்துவிடும் என்று வீட்டில் ஒருவர் சொன்னார், நான் மறுத்துவிட்டேன். பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை குட்டி எதைப் பழகுகிறதோ, எதற்கு அஞ்சுகிறதோ, அது ஆழமாகப் பதியக்கூடிய பருவம். கண்ணாடியின் கீழ்ப்பாதியைத் துணியால் மூடி, ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக உயர்த்தினோம். பத்தாம் நாள் அவளே வந்து முகர்ந்தாள்.

நான் எதிர்பாராத பலன் பிறகு வந்தது. மணிக்கு ஏழு மாதம் இருக்கும்போது, கண்ணாடியைப் பார்த்தபடி படுத்திருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் வாசலில் கழுத்துவாரோடு நின்றேன். கண்ணாடிக்குள் இருந்த என் முகத்தின் மேல் அவள் பார்வை நின்றது, வால் அசைந்தது. பிறகு கண்ணாடியை நோக்கிப் பாயாமல், நேரே என் பக்கம் திரும்பி ஓடி வந்தாள். காலடி ஓசையோ வாசனையோ துணை செய்திருக்கலாம் என்று ஐயப்பட்டேன். ஆனால் இந்த ஆண்டுகளில் பலமுறை, அவள் பார்வை முதலில் கண்ணாடியில் என்னைச் சந்தித்து, அதன் பிறகே உடல் திரும்பியதைக் கண்டிருக்கிறேன். தன்னை அடையாளம் காணாதவள், கண்ணாடியைக் கொண்டு எங்களைக் காண்கிறாள்.

பராமரிப்பில் பெரிய சிரமம் இல்லை. மூக்குத் தடங்களை ஈரத்துணியால் மட்டுமே துடைக்கிறேன், ஏனெனில் குட்டிகள் கண்ணாடியை நக்கும். பின்புறம் ஒட்டுப்படலம் உள்ள கண்ணாடியாகப் பார்த்து வாங்குங்கள். உடைந்தாலும் சில்லுகள் சிதறாது. அக்ரிலிக் பலகை ஒன்றையும் முயன்றோம். நகம் பட்டுச் சில மாதங்களிலேயே மங்கிவிட்டது.

உண்மையான குறை வேறொன்று. காலை வெயில் கண்ணாடியில் பட்டுத் தரையில் ஒளித்திட்டாக விழும். கருப்பன் அதைத் துரத்தத் தொடங்கினான். முதலில் விளையாட்டு என்றே நினைத்தோம். சில நாய்களுக்கு ஒளியையும் நிழலையும் துரத்துவது விடமுடியாத பழக்கமாக முற்றிவிடும் என்று கால்நடை மருத்துவர் எச்சரித்த பிறகு, அந்த நேரத்தில் சன்னல் திரையை இழுத்துவிடுகிறோம். மூன்று வாரங்களில் அவன் தரையில் ஒளியைத் தேடுவதை நிறுத்தினான். ஆனாலும் திரையை இழுக்க இன்றுவரை நாங்கள் மறப்பதில்லை.