ப்ரொஜெக்டர் கேலிபரேஷனுக்கு ஓபன்சிவி க்ரே கோட், யூஸ் பண்ணிப் பார்த்ததுல சொல்றேன்

வளைஞ்ச சுவர்ல ரெண்டு ப்ரொஜெக்டர் படத்தை ஒட்டு தெரியாம சேர்க்கணும்னு கீஸ்டோன் பட்டனை அமுக்கி அமுக்கியே ஒரு முழு நாள் போச்சு, ஒரு மூலை சரியானா இன்னொரு மூலை இழுத்துக்குது, அது நாலு மூலையத்தான் இழுக்கும், வளைவுக்கு ஒண்ணும் பண்ணாது. அப்புறம்தான் ஓபன்சிவில (கேமரா படங்களை அலசற ப்ரோக்ராமிங் லைப்ரரி) இருக்கற ஸ்ட்ரக்சர்டு லைட் மாட்யூலை எடுத்தேன். ஃப்ரீதான், ஆனா சாதாரண பேக்கேஜ்ல இருக்காது, கூடுதல் மாட்யூல்கள் இருக்கற கான்ட்ரிப் பேக்கேஜ் போடணும்.

விஷயம் இதான். ப்ரொஜெக்டர் கருப்பு வெள்ளைக் கோடா வரிசையா அடிக்கும், கேமரா ஒவ்வொண்ணையும் படம் எடுக்கும். ஒரு இடத்துல வெளிச்சம், இருட்டுன்னு வர்ற வரிசையே அங்க விழற ப்ரொஜெக்டர் பிக்சலோட எண், ஒரு படம் ஒரு பிட். அந்த எண்ணை எழுதற முறைதான் க்ரே கோட். 1920க்கு 1080னா அகலத்துக்கு 11 பிட், உயரத்துக்கு 11 பிட், ஒவ்வொண்ணுக்கும் தலைகீழ் படமும் சேர்த்து 44, முழு வெள்ளை முழு கருப்பு ரெண்டு, ஆக 46. அந்தத் தலைகீழ் படம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கோடு விழுந்தப்போ வெளிச்சமா, தலைகீழா விழுந்தப்போ வெளிச்சமான்னு மட்டும் பாக்குது, அதனால சுவர்ல ஒரு இடத்துல பழுப்புக் கறை இருந்தும் அங்கயும் கரெக்டா படிச்சிடுச்சு. க்ரே கோட்ல பக்கத்துப் பக்கத்து எண்ணுக்கு ஒரே ஒரு பிட்தான் மாறும், அதனால கோட்டு ஓரத்துல தப்பாப் படிச்சாலும் ஒரு பிக்சல்தான் தள்ளும்.

முதல் தடவை எல்லாம் கொசகொசன்னு வந்துச்சு. காரணம் கேமராதான், எக்ஸ்போஷர் ஆட்டோல இருந்ததால ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தை அதுவே மாத்திக்கிட்டு இருந்துச்சு. எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூணையும் லாக் பண்ணுங்க. டிஎல்பி ப்ரொஜெக்டர்னா (கலரை ஒண்ணு மாத்தி ஒண்ணா வேகமா அடிக்கற வகை) ஷட்டர் வேகமா வெச்சா படத்துல கலர் பட்டை பட்டையா விழும், 60 ஹெர்ட்ஸுக்கு 1/60 இல்லன்னா 1/30 வெச்சா போயிடும். கடைசி கோடு ரெண்டே பிக்சல் அகலம்தான், கேமரா ரெசல்யூஷன் குறைஞ்சா அது வெறும் சாம்பலா கலந்துரும்.

குறைன்னா, இது எந்த ப்ரொஜெக்டர் பிக்சல் கேமரால எங்க தெரியுதுன்னு மட்டும்தான் சொல்லும். படத்தை வளைக்கற வேலை நம்மளதுதான், நான் பிக்சலை இடம் மாத்தற ரீமேப் ஃபங்ஷன்ல பண்ணேன். சுவர் தட்டையா இருந்தா இவ்ளோ பாடே வேண்டாம், நாலு புள்ளி வெச்சு ஒரு ஹோமோகிராஃபி (ஒரு தட்டையான பரப்பை இன்னொண்ணோட பொருத்தற கணக்கு) போதும். ரெண்டு படமும் மேல மேல விழற இடம் வெளிச்சமா தெரியறதுக்கும் இதுல வழி இல்ல, அங்க வெளிச்சத்தைக் குறைச்சுக் கலக்கற பிளெண்டிங் தனியாத்தான் எழுதணும்.

ஆனா ரிசல்ட் பாருங்க, ஒரு பிக்சல் அகலத்துல கட்டம் போட்டு ரெண்டுலயும் ஓடவிட்டேன், ஒட்டுற இடத்துல கோடு ஒண்ணாவே போகுது, கிட்டப் போய் மூக்கு சுவர்ல இடிக்கற அளவுக்குப் பாத்தும் ரெட்டையா தெரியல, அவ்ளோ சந்தோஷம். கேமராவை மட்டும் பாக்கறவங்க உக்கார்ற இடத்துலயே, அவங்க கண் உயரத்துல வைங்க. ஒரே கேமரான்னா வளைஞ்ச சுவர்ல அது நின்ன இடத்துலேந்து பாத்தாதான் கோடு நேரா தெரியும், நான் முதல்ல ஓரமா வெச்சு எடுத்துட்டு மறுபடி ரெண்டு ப்ரொஜெக்டருக்கும் சேர்த்து மொத்த 92 படமும் எடுத்தேன்.