டிஸ்சார்ஜுக்குப் பிறகு வந்த ஐந்து போன்கள்

அப்பாவை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து கோவில்பட்டிக்குக் கூட்டி வந்த மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது. "சிஸ்டர் பேசுறேன். அப்பா இன்னைக்கு எடை பாத்தாங்களா?"

அப்பாவுக்கு 72 வயது. ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயம் ரத்தத்தைத் தேவையான அளவு பம்ப் செய்ய முடியாத நிலை. நுரையீரலில் நீர் கோத்து எட்டு நாள் உள்ளே இருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது 30 நாள் போன் கவனிப்பில் பெயரைப் பதிந்துகொண்டார்கள். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. டிஸ்சார்ஜ் அலைச்சலில், இதுவும் ஒரு சம்பிரதாயம் என்றுதான் நினைத்தேன்.

"எப்படி இருக்கீங்க" என்று சிஸ்டர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அப்பா "நல்லாத்தான் இருக்கேம்மா" என்று போனை என்னிடம் தந்திருப்பார். ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுத்தார், பாத்ரூம் போகிற வழியில் நின்று மூச்சு வாங்கினாரா, வேட்டிக் கட்டு இறுக்குகிறதா, கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, "வீட்டுல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் ஒரு தட்டுல எடுத்து வைங்க. அட்டையில இருக்கிற சின்ன எழுத்தைப் படிங்க" என்றார். படித்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையிலும், ஊர் டாக்டர் முன்பே எழுதித் தந்த அட்டையிலும் பெரிய எழுத்தில் வேறு வேறு பெயர். சின்ன எழுத்தில் இரண்டிலும் மெட்டோப்ரோலால், இதயத் துடிப்பையும் பிரஷரையும் குறைக்கும் மருந்து. அப்பா இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார். தலை சுற்றுகிறது என்று அவர் சொன்னதை வெறும் அசதி என்று நாங்கள் விட்டிருந்தோம்.

சிஸ்டர் தானாக எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. டாக்டரிடம் கேட்டு இருபது நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார்: பழைய அட்டை வேண்டாம், இன்றே பக்கத்தில் பிரஷரும் நாடித்துடிப்பும் பாருங்கள். துடிப்பு 52தான் இருந்தது, குறைவு. அந்த ஒரு போனுக்காகவே இந்தச் சேவைக்கு என் முழு மதிப்பெண்.

ஏழாம் நாள் எடை நோட்டைப் படிக்கச் சொன்னார். மூன்று நாளில் 61 கிலோ 63.1 ஆகியிருந்தது. கால் வீங்கவில்லையே என்றேன். உடம்பில் தேங்கும் ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை, கால் வீங்குவதற்கு முன்னாலேயே தராசு காட்டிவிடும் என்று விளக்கினார். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அடுத்த போனுக்குக் காத்திருக்காமல் கூப்பிட வேண்டுமாம். இதை டிஸ்சார்ஜ் அன்றும் சொல்லியிருப்பார்கள். பில்லும் வண்டியுமாக அலைந்தபோது என் காதில் ஏறவில்லை. அவர் விடாமல் கேட்கக் கேட்கத்தான் மூட்டு வலிக்கு மெடிக்கலில் சொல்லி வாங்கிய டைக்ளோஃபெனாக் வெளியே வந்தது. உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைக்கும் மாத்திரை அது. அதை நிறுத்தி, நீர் பிரியும் மாத்திரையை டாக்டர் மூன்று நாள் கூட்டிக் கொடுத்தார். எடை இறங்கியது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பதினான்காம் நாள் பேசியவர் வேறு சிஸ்டர். முந்தைய குறிப்பு எதுவும் அவர் கையில் இல்லை. பட்டியலில் இருந்த கேள்விகளை வாசித்து நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டார். ஏழு மணிக்கு மேல் கூப்பிட்டால் பொது எண்ணுக்குத்தான் போகிறது. ராத்திரி படுத்த பிறகும் மூச்சுத் திணறல் வரும் என்பது அவர்களுக்குத் தெரியாததா? எடை எழுதத் தந்த அட்டை முழுக்க ஆங்கிலம். அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும் என்பதால் நோட்டில் நானே கோடு போட்டுக் கொடுத்தேன்.

அமெரிக்காவில் நர்ஸாக இருக்கும் சித்தி மகளிடம் இதைச் சொன்னேன். அங்கே 2012 அக்டோபர் முதல், ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகள் 30 நாளுக்குள் அளவுக்கு மீறித் திரும்ப அட்மிட் ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்கு மெடிகேர் என்ற அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு தரும் பணம் குறையுமாம்.

டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டும் முன்பே கேளுங்கள்: யார் கூப்பிடுவார்கள், எந்த எண்ணிலிருந்து, ராத்திரி யாரைக் கூப்பிடுவது. பழைய மாத்திரை அட்டைகளைத் தூக்கிப் போடாமல் வையுங்கள், சிஸ்டர் கேட்பார்.

கடந்த வாரம் வந்த ஐந்தாவது போனோடு இந்தக் கவனிப்பு முடிந்தது. அப்பா இன்னும் காலையில் காபிக்கு முன் தராசில் ஏறுகிறார். இன்று 60.8.