‘ஆர் 16’ என்று சொல்லி விற்ற கராஜ் கதவு

தென்னாப்பிரிக்காவில் ஜொகானஸ்பர்க் அருகே எங்கள் லெனேசியா பக்கத்தில் யாராவது கராஜுக்குப் புதுக் கதவு போட நினைத்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 31,000 ராண்ட் கொடுத்துவிட்டுத்தான் இதையெல்லாம் தெரிந்துகொண்டேன்.

எங்கள் கராஜ் வீட்டோடு ஒட்டியது. அதற்கு மேல்தான் அம்மாவின் அறை. ஜூலை மாதத்துக் குளிர்கால இரவு இங்கே எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய கதவு வெறும் இரும்புத் தகடு. காலுறை போட்டுக்கொண்டும் தரை சில்லிடுகிறது என்று அம்மா ஒவ்வொரு குளிர்காலமும் சொல்வார்.

விற்பனைக்கு வந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். “ஆன்ட்டி, ஆர் 8 இருக்கிறது, ஆர் 16 இருக்கிறது. எண் கூடக்கூடக் குளிர் குறையும். பாட்டிக்காகத்தானே போடுகிறீர்கள், 16 எடுத்துக்கொள்ளுங்கள்” என்றான். ஆர் என்பது கதவு வெப்பத்தைக் கடத்தாமல் தடுக்கும் திறனின் அளவு. உள்ளே பாலியூரித்தேன் நுரை என்றும் சொன்னான். விலைப்புள்ளியில் ‘ஆர் 16’ என்று மட்டும் இருந்தது. பாதிப் பணத்தை அன்றே கட்டினேன்.

கதவு மாட்டிய நாளில், மோட்டார் கையைப் பொருத்துவதற்காக ஒரு பலகையின் ஓரத்தை அறுத்தார்கள். தரையெல்லாம் வெள்ளை மணிகள் கொட்டின. பாலியூரித்தேன் அப்படிக் கொட்டாது. அது இறுகிய மஞ்சள் நுரை. கொட்டியது பெட்டிகளில் வைத்து வரும் பாலிஸ்டைரீன். அளந்து பார்த்தேன், 25 மில்லிமீட்டர்.

அந்த ‘16’ என்ற எண்ணிலும் ஒரு சூது இருக்கிறது. கூரைக்கு வாங்கிய 135 மில்லிமீட்டர் கண்ணாடிக் கம்பளிச் சுருளில் ஆர் 3.38 என்றுதான் அச்சிட்டிருந்தது. அப்படியிருக்க, மெல்லிய கதவுக்கு 16 எங்கிருந்து வந்தது? அது அமெரிக்கக் கணக்கு. நம் நாட்டில் மெட்ரிக் அளவில்தான் சொல்வார்கள். அமெரிக்க எண்ணை 5.68 ஆல் வகுக்க வேண்டும். 16 என்பது 2.8 ஆகிவிடும். எனக்கு வந்த 25 மில்லிமீட்டர் பாலிஸ்டைரீனுக்கோ 0.7தான் தேறும். அதுவும் பலகையின் நடுவில் மட்டும். பலகைகள் சேரும் இடமும் சட்டமும் ஓரமும் சேர்ந்தால் முழுக் கதவுக்கு இன்னும் குறையும்.

காற்று நுழைந்தால் அந்த 0.7 கூட வீண். எங்கள் தரை ஒரு பக்கம் சரிவு. கீழ் ரப்பர் தரையைத் தொடாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டது. பக்கவாட்டில் ரப்பரே வைக்கவில்லை. உள்ளே நின்று கதவை மூடிப் பாருங்கள். வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் குளிர் வரும் வழி. இவ்வளவு பணம் வாங்கியவர்கள் இதைக்கூடப் பார்க்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

எண்ணைவிடப் பெரிய குற்றம், கதவின் கனத்தைத் தாங்கும் ஸ்பிரிங். புதுக் கதவு பழையதைவிடக் கனம். பழைய ஸ்பிரிங்கே போதும் என்று விட்டுவிட்டுப் போனார்கள். மோட்டார் முனகி முனகித் தூக்கியது. ஏழாவது வாரம் ஒரு காலையில் வெடிபோலச் சத்தம் கேட்டது, ஸ்பிரிங் முறிந்திருந்தது. நல்லவேளை, அம்மா அப்போது பூஜையறையில் இருந்தார். உங்கள் கதவு மூடியிருக்கும்போது மோட்டாரை விடுவித்துவிட்டு, கையால் இடுப்புயரம் தூக்கிப் பாருங்கள். அங்கேயே நிற்க வேண்டும். விழப் பார்த்தால் ஸ்பிரிங் பொருந்தவில்லை. ஆனால் நீங்களாக ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள், ஆளைக் கொன்றுவிடும்.

தனியாக நிற்கும் கராஜில் கார் மட்டும் கிடந்தால் இந்தச் செலவே வேண்டாம். எங்களைப்போல மேலே அறை இருந்தால் முதலில் கராஜின் உட்கூரைக்குக் காப்புப் போடுங்கள், பிறகு ரப்பர், அதற்குப் பிறகு கதவு. கதவு வாங்கினால் நுரையின் பெயர், தடிமன், முழுக் கதவுக்கான மெட்ரிக் ஆர் மதிப்பு, புது ஸ்பிரிங் நான்கையும் விலைப்புள்ளியிலேயே எழுதச் சொல்லுங்கள்.

நிறுவனம் மோட்டாருக்கு மட்டும்தான் உத்தரவாதம் என்றது. 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆவது பிரிவு, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பித் தர உரிமை தருகிறது. பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று கேட்கும் உரிமை நம்முடையது. கடிதம் எழுதிய பிறகு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினார்கள். விலை வித்தியாசத்துக்காகச் சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போகிறேன். 20,000 ராண்ட் வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அந்த வெள்ளை மணிகளை ஒரு ஊறுகாய் பாட்டிலில் அள்ளி வைத்திருக்கிறேன். விலைப்புள்ளியோடு அதுவும் என்னுடன் வரும்.