அலுமாரிக்குள் பழுதாகும் லப்டொப்: ஒரு யாழ்ப்பாணப் பள்ளிக்கூடத்தின் பாவனை அனுபவம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கையில் பழுதான லப்டொப்புகளை விட, அலுமாரிக்குள் பூட்டி வைத்துப் பழுதானவைதான் கூட. வலிகாமத்தில் ஒரு நடுத்தரப் பள்ளிக்கூடத்தில் ஐ.சி.ரி. (தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்) படிப்பிக்கிறேன். கணினி அறைச் சாவி என்னிடம் வந்தபோது சுவரில் ஒட்டியிருந்த விதிகள், பிறகு கிழித்துப் போட்டவை, எழுதாமலே பிள்ளைகள் பழகிக்கொண்டவை என்று எல்லாவற்றையும் சேர்த்து இதை எழுதுகிறேன். லப்டொப் வாங்கப் போகிற, அல்லது வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் அனுப்பி வைக்கப் போகிற பள்ளிக்கூடங்களுக்கு உதவலாம்.

எங்களிடம் இருப்பவை இரண்டு வகை. ஒன்று, வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த 14 அங்குல மெஷின்கள். மற்றது, பெட்டி உடைக்காமல் புதுசாக வந்த, மெல்லிய 15.6 அங்குல மெஷின்கள். பார்க்கப் புதுசுதான் வடிவு. வகுப்பறையில் நின்றுபிடித்தது பழசு. அலுவலகப் பாவனைக்கென்று செய்தவற்றில், திரையையும் கீழ்ப்பகுதியையும் இணைக்கும் பிணைச்சல் உரமானது. அலுவலகங்களுக்கென்று வரும் திங்பேட் வரிசை லப்டொப்புகளில் பல மொடல்களில் கீபோர்ட்டில் தண்ணி ஊற்றுப்பட்டால் கீழால் வடிந்து போகவும் வழி விட்டிருக்கிறார்கள். எங்களுக்கு வந்த புதுசுகளில் பிணைச்சல் திருகு பிளாஸ்ரிக்குக்குள் இறங்கியிருந்தது. ஒரு மூலையில் பிடித்துத் திரையைத் திறந்து திறந்து மூட, அந்தப் பிளாஸ்ரிக் வெடித்துத் திருகு கையோடு வந்தது. தரம் 10 பிள்ளைகளுக்கு இப்போது முதற் பாடமே திறக்கிறதுதான்: நடுவில் பிடி, ஒரு கையால் கீழ்ப்பகுதியை அமத்து, மூட முதல் கீபோர்ட்டில் பேனை கிடக்கிறதா என்று பார். மூடிய திரைக்கும் கீபோர்ட்டுக்கும் இடையில் அகப்பட்ட பேனை ஒன்று திரையையே முடித்துவிடும்.

மேசைக் கணினியோடு ஒப்பிட்டால் லப்டொப்பின் பெறுமதி 2022இல்தான் முழுதாகத் தெரிந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலம் அது. மேசைக் கணினிக்குக் கரண்ட் நின்றதும் கைகொடுக்கும் யு.பி.எஸ். பெட்டி கத்திக் கத்திக் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். லப்டொப்பில் பற்றரி சுகமாக இருந்தால் இரண்டு பாடவேளை ஓட்டலாம். சுகமாக இருந்தால் என்பதில்தான் கதை இருக்கிறது.

பழைய விதித்தாளில் முக்கால்வாசியும் "கூடாது" என்றே முடிந்தது. ஆசிரியர் இல்லாமல் தொடக்கூடாது, அறையை விட்டு வெளியே கொண்டு போகக்கூடாது, பாடம் முடிந்ததும் எண்ணி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டவேண்டும். கேட்க நல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரும்பு அலுமாரி மேற்குச் சுவரோடு நின்றது. சித்திரை வெயிலில் பின்னேரம் அதன் கதவில் கை வைக்க ஏலாது. தவணை விடுமுறைக்குச் சிலது முழுச் சார்ஜோடும், சிலது ஒரு துளியும் இல்லாமலும் உள்ளே போயின. லித்தியம் அயன் பற்றரிக்கு இரண்டுமே ஆகாது. முழுச் சார்ஜோடு வெக்கைக்குள் கிடந்தால் அது வேகமாகக் கிழண்டும், சிலது வீங்கும். வீங்கினதை நாங்கள் கண்டது, தொடுபலகை மேலே எழும்பி நின்றபோதுதான். வெறுமையாகக் கிடந்தால் இருக்கிற கொஞ்சமும் தானாக வடிந்து, செல்லின் அழுத்தம் அளவுக்குக் கீழே இறங்கிவிடும். அதற்குப் பிறகு பற்றரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று சார்ஜ் ஏற விடாது. வெளியில் இருந்து பார்த்தால் கீறல் ஒன்றும் இல்லாத புது லப்டொப். வயரைக் கழற்றினால் செத்துவிடும்.

இப்போதைய விதி வேறு. விடுமுறைக்கு முதல் எல்லாவற்றையும் பாதிச் சார்ஜ் அளவுக்குக் கொண்டுவந்து, உறக்க நிலையில் விடாமல் முழுதாக நிறுத்தி, நிழல் பக்கத்து மர அலுமாரியில் நிமிர்த்தி வைப்பது. விடுமுறை வகுப்புக்கு வரும் ஏ.எல். பிள்ளைகள் இடையில் ஒருக்கால் திறந்து பார்ப்பார்கள். பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்க முதல் திறக்கும் அமைப்புப் பக்கத்தில், 80 வீதத்தோடு சார்ஜை நிற்பாட்டும் வசதி உள்ளவற்றுக்கு அதையும் போட்டுவிட்டோம். வயரோடேயே கிடக்கும் மெஷின்களுக்கு இதை விட நல்ல மருந்து நான் காணவில்லை.

சார்ஜ் பண்ணுவது தனிப் பெரிய கதை. பழைய மாணவர் இருக்கிற நாட்டுக்கு ஒரு பிளக். இலண்டனில் இருந்து வந்தது எங்கள் 13 அம்பியர் சதுரப் பின்னுக்கு அப்படியே பொருந்தும். கனடாவில் இருந்து வந்தது தட்டைப் பின். பிரான்ஸ், ஜேர்மனியில் இருந்து வந்தது இரண்டு உருண்டைப் பின். சார்ஜர் எல்லாம் 100 முதல் 240 வோல்ற் வரை தாங்கும் என்று அதன் முதுகிலேயே போட்டிருக்கிறது, அதனால் எங்கள் 230 வோல்ற் பிரச்சினை இல்லை. பிரச்சினை பின்னில்தான். உருண்டைப் பின்னைச் சதுர ஓட்டைக்குள் விட, மேல் ஓட்டைக்குள் பேனையைக் குத்தி மூடியைத் திறக்கும் வித்தை எங்கள் ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். அப்பாவும் அம்மாவும் வீட்டில் செய்வதைப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் செய்கிறது. அந்த மூடி இருப்பதே விரலும் கம்பியும் உள்ளே போகாமல் இருக்கத்தான். அதோடு உருண்டைப் பின் இறுக்கமாகப் பிடிக்காமல் பொறி பறக்கும், சூடேறும். விதி போட்டு இதை நிற்பாட்ட முடியவில்லை. சார்ஜரில் இருந்து சுவருக்குப் போகிற துண்டு வயரை மட்டும் சதுரப் பின் உள்ளதாகக் கடையில் வாங்கி மாற்றினோம், அன்றோடு பேனைக் குத்து நின்றது. முழுச் சார்ஜரையும் மாற்றத் தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது.

அடுத்தது பாரம். 65 வாட் சார்ஜர் இருபதை ஒரே வயர் நீட்டியில் தொங்கவிட்டால் 1300 வாட். பழைய கட்டடத்தில் இருக்கும் 5 அம்பியர் உருண்டை பிளக் தாங்குவது 1150 வாட்தான். ஒன்பதாம் தரத்துப் பெருக்கல் கணக்கு இது, கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். அதன்பிறகு பத்துப் பத்தாகச் சார்ஜ் பண்ணுவதை பிள்ளைகளே கவனித்துக்கொள்கிறார்கள். "ஏன்" என்று தெரிந்த விதியைப் பிள்ளையள் காவல் காக்கும். தெரியாத விதிக்கு நாங்கள் காவல் நிற்கவேண்டும்.

பழுதுக்குத் தண்டப்பணம் என்று ஒரு வரியும் பழைய தாளில் இருந்தது. அதனால் பழுது குறையவில்லை, பழுதைச் சொல்வதுதான் குறைந்தது. எந்த மெஷினைக் கேட்டாலும் ஒரே பதில்: "ரீச்சர், இது போன கிழமையே உப்பிடித்தான் இருந்தது." போன கிழமை இருந்த வகுப்பைக் கேட்டால் அதற்கு முதல் கிழமை. கடைசியில் அதிபரோடு கதைத்து அதை எடுத்தோம். ஒவ்வொரு மெஷினுக்கும் இலக்கம் ஒட்டி, ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பிள்ளைகளின் பெயர் போட்டாயிற்று. பாடம் தொடங்கியதும் முதல் இரண்டு நிமிடம் மெஷினைச் சுற்றிப் பார்த்து, கொப்பியில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து. "யு எழுத்து இறுகுது", "வலப்பக்க யு.எஸ்.பி. ஆடுது" என்ற மட்டில் போதும். அன்றைக்கே சொன்ன பழுதுக்குக் கேள்வி கிடையாது. பாடம் முடியும்போது பார்ப்பதை விடத் தொடங்கும்போது பார்ப்பதுதான் பிரயோசனம், முடியும்போது எல்லாருக்கும் மணி அடித்த அவசரம். அந்தக் கொப்பியைப் புரட்டித்தான் பிணைச்சல் கதையையே கண்டுபிடித்தோம்: பிளாஸ்ரிக் வெடிக்க இரண்டு மூன்று கிழமைக்கு முதலே "திறக்கேக்க சத்தம்" என்று ஒரு பிள்ளை எழுதி வைத்திருந்தது.

சாப்பாட்டு விதியில் மட்டும் நான் கண்டிப்பு. கன்ரீன் றோல்ஸ் எண்ணெயும் பணிஸ் சீனியும் விரலோடு கீபோர்ட்டுக்கு வரும், பின்னால் எறும்பு வரும். மாரியில் நிலம் நனைய எறும்பு காய்ந்த இடம் தேடும், லப்டொப்பின் உட்பக்கம் அதற்கு நல்ல இடம். இடைவேளைக்குப் பிறகு வரும் வகுப்பு கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் உள்ளே. சோளகம் வீசும் மாதங்களில் யன்னல் பக்கத்து மேசைகளில் புழுதி படியும், தவணைக்கு ஒருக்கால் காற்றுத் துவாரங்களைத் தூரிகையால் தட்டுகிறோம். திரை துடைக்க, பிழிந்த மெல்லிய துணி காணும். கொரோனா நேரத்தில் கைக்கு அடிக்கிற சானிடைசரைத் திரைக்கும் அடித்தவர்கள் உண்டு. அந்தத் திரைகளின் மேற்பூச்சு இன்னும் தேமல் பிடித்த மாதிரித்தான் இருக்கிறது.

வாணி விழாவை எந்த வழிகாட்டிக் கையேட்டிலும் காணமாட்டீர்கள். புத்தகங்களோடு லப்டொப்பையும் கும்பத்தடியில் வைப்பது வழக்கம், அதைத் தடுக்க எனக்கு விருப்பமும் இல்லை. ஆனால் சந்தனத்தைக் குழைத்து வைக்கிற ஐயாவுக்கு எது கமரா, எது ஸ்பீக்கர் ஓட்டை என்று தெரியவேண்டியதில்லையே. இப்போது ஒரேயொரு மெஷின், பையோடு, பொட்டு பையில். மற்றதெல்லாம் அலுமாரியில் இருந்தே அருள் பெறும். வெள்ளிக்கிழமைகளில் நெற்றித் திருநீறு கீபோர்ட்டில் உதிர்வதற்கு விதி போட முடியாது, அதற்குத் தூரிகை இருக்கிறது.

இடி மின்னலுக்கு விதி சிறிது: ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருண்டால் சார்ஜர் எல்லாம் சுவரில் இருந்து கழறவேண்டும். சுவிச்சை நிற்பாட்டினால் மட்டும் போதாது. இணைய வயரும் அப்படித்தான்.

வீட்டுக்குக் கொடுப்பதுதான் ஆசிரியர் கூட்டத்தில் அதிகம் வாதாடின விசயம். ஏ.எல். ஐ.சி.ரி. பிள்ளைக்கு பைத்தன் நிரல் எழுதிப் பழகக் கிழமைக்குச் சில பாடவேளை காணாது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளை ரியூசனில் கொப்பியில் எழுதித்தான் பழகும். வெள்ளி கொடுத்துத் திங்கள் வாங்குகிறோம். நிபந்தனை மூன்றுதான். முழுதாக நிற்பாட்டிவிட்டு எடுக்கவேண்டும், ஏனென்றால் உறக்க நிலையில் பைக்குள் வைத்தால் இடையில் முழித்துச் சூடேறும். சைக்கிள் கரியரில் கட்டக்கூடாது, முதுகுப் பையில்தான் போகவேண்டும். எங்கள் ஒழுங்கைகளின் குலுக்கலில் பழைய ஹாட் டிஸ்க் நின்றுபிடிக்காது, உள்ளே சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. போட்ட மெஷின்களை மட்டுமே வெளியே விடுகிறோம். மழையென்றால் பையைப் பொலித்தீனால் சுற்றவேண்டும். வீட்டுக்குப் போய் வந்தவற்றில் உடைந்து வந்தது மிகக் குறைவு. அவற்றின் பற்றரிதான் இன்று நல்ல நிலையில் இருப்பதும். பூட்டி வைக்கச் சொல்லி வாதாடியவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

மென்பொருள் பக்கத்தில் பெரிய தலையிடி பென்ட்ரைவ். ஒப்படையை பிரிண்ட் எடுக்கப் பிள்ளை கொமினிகேசன் கடைக்குக் கொண்டு போகும், திரும்பி வரும்போது வைரஸ் பிடித்துக் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிக் குறிகளாகி இருக்கும். உள்ளே இருந்தது அழியவில்லை, ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். பதறி அந்தக் குறியை அமத்துவதுதான் அடுத்த மெஷினுக்கும் பரப்பும். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட கிழட்டு மெஷின் ஒன்றை வாசலடியில் வைத்திருக்கிறோம். வெளியே போய் வந்த பென்ட்ரைவ் முதலில் அதில் ஏறவேண்டும். விண்டோஸுக்கென்று எழுதின வைரஸ் அதில் ஓடாது, பிள்ளைகள் தாங்களே துப்புரவாக்கிக்கொள்கிறார்கள். பிரிண்டுக்கு பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொண்டு போகச் சொல்லியும் இருக்கிறோம். யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்த ஒப்படை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும் கரைச்சலும் அதோடு போயிற்று. தமிழ் இனி யுனிகோட்டில் மட்டும்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்ரெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் சில்லு வேண்டும். எங்கள் பழசுகளில் பாதிக்கு அது இல்லை. அவற்றில் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறோம். பைத்தனும் லிபர் ஒபிஸும் அதில் ஓடும், பிள்ளைகள் ஒரு கிழமையில் பழகிவிட்டார்கள். ஆசிரியர்கள் இன்னும் பழகுகிறோம்.

இனி யாராவது ரொறன்ரோவில் இருந்து "ரீச்சர், என்ன வேணும்?" என்று கேட்டால் புது லப்டொப் கேட்கமாட்டேன். இருக்கிற மொடலுக்கே மாற்றுப் பற்றரியும் சார்ஜரும் எஸ்.எஸ்.டியும் கேட்பேன். கட்டாயம் லப்டொப்தான் அனுப்புவோம் என்றால், எட்டாம் தலைமுறைக்குக் குறையாத, அலுவலகத்தில் கழித்த, எல்லாம் ஒரே மொடலாக இருக்கவேண்டும். ஒன்று செத்தால் மற்றதற்கு உதிரிப்பாகம் ஆகும். கையளிப்பு விழாவில் ஒரு பெட்டி பற்றரியோடு நின்று படம் எடுத்தால் எடுப்பாக இராது என்று முதலில் முணுமுணுத்த அதிபர், இப்போது அதற்கும் சம்மதித்துவிட்டார்.