ஸ்லீவா, பைபாஸா, மினி பைபாஸா? எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை: எதை, யாரிடம்?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை பற்றி விசாரிக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ குறையும்?" என்பதுதான். அதற்கு ஸ்லீவ், பைபாஸ், மினி பைபாஸ் மூன்றுமே ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் தருகின்றன. கிலோவை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கப் போனால் முடிவை விளம்பரம் எடுத்துவிடும். எடை இறங்கிய பிறகு வரும் இருபது ஆண்டுகளில் எந்தத் தொல்லையோடு உங்களால் குடித்தனம் நடத்த முடியும்? அந்தக் கேள்வியில்தான் இந்த மூன்றும் பிரிந்து போகின்றன.

அதற்கு முன் விளம்பரச் சதவீதத்தைக் கொஞ்சம் உரித்துப் பார்த்துவிடலாம். "60 சதவீத எடை குறையும்" என்று போட்டிருந்தால் அது மிகை எடையில் 60 சதவீதம். 160 செ.மீ. உயரமுள்ள பெண் ஒருவர் 110 கிலோ இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 25 என்ற அளவுக்கு அவர் 64 கிலோ இருக்க வேண்டும். மிகை 46 கிலோ. அதில் 60 சதவீதம் போனால் குறைவது 27, 28 கிலோ. அவர் 82 கிலோ வாக்கில் வந்து நிற்பார். மொத்த எடையில் கணக்கிட்டால் இது 25 சதவீதம். மூட்டுக்கும் மூச்சுக்கும் சர்க்கரைக்கும் இது மிகப் பெரிய லாபம். ஆனால் கல்யாணப் புடவையின் ரவிக்கை மறுபடி பொருந்தும் என்று மனக்கணக்குப் போட்டவருக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். எந்த மருத்துவர் எந்தச் சதவீதத்தைச் சொன்னாலும், "எதில்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

ஸ்லீவ்

இன்று உலகில் அதிகம் செய்யப்படுவது இதுதான். இரைப்பையை நெடுக்குவாட்டில் ஸ்டேப்ளரால் வெட்டி, முக்கால் பங்குக்குக் குறையாமல் வெளியே எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு குறுகிய குழாய். குடலைத் தொடுவதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெருமளவு சுரக்கும் பகுதியும் வெட்டுப்பட்டுப் போவதால் முதல் சில மாதங்களில் பசியே மறந்துவிட்டது என்று பலர் சொல்வார்கள். செய்வதற்கு எளிது, நேரம் குறைவு, சத்துக்குறைபாடு மற்ற இரண்டையும்விடக் குறைவு. பிற்காலத்தில் எடை திரும்பி ஏறினால் இதையே பைபாஸாக மாற்றவும் வழி இருக்கிறது. வெட்டி எடுத்த இரைப்பை மட்டும் திரும்பி வராது.

ஸ்லீவின் தீராத வழக்கு நெஞ்செரிச்சல். அகலமான பை குறுகிய குழாயாகிவிட்டால் உள்ளே அழுத்தம் கூடும். அமிலம் மேலே ஏறும். சுவிட்சர்லாந்தில் ஸ்லீவையும் பைபாஸையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த எஸ்எம்-பாஸ் ஆய்வின் ஐந்தாண்டு முடிவுகள் 2018இல் வெளியாயின. எடை குறைவதில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் முன்பே எதுக்களிப்பு இருந்தவர்களில், ஸ்லீவ் செய்துகொண்ட சுமார் 32 சதவீதம் பேருக்கு அது மோசமாகியிருந்தது. பைபாஸ் செய்துகொண்டவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான். அது அறவே நின்றுபோனவர்கள் பைபாஸில் 60 சதவீதம், ஸ்லீவில் 25 சதவீதம். பின்லாந்தின் ஸ்லீவ்பாஸ் ஆய்வும் பத்தாண்டு கழித்துப் பார்த்து இதையே உறுதி செய்தது: உணவுக்குழாய்ப் புண் ஸ்லீவில் 31 சதவீதம், பைபாஸில் 7 சதவீதம். எடையில் பைபாஸ் அங்கே சற்று முந்தியிருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே இரவில் இரண்டு தலையணை வைத்துப் படுப்பவரும், சட்டைப் பையில் அமில மாத்திரை இல்லாமல் வெளியே கிளம்பாதவரும், இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்தைத் தாண்டி நெஞ்சுப் பக்கம் ஏறியிருக்கும் பெரிய ஹயாட்டஸ் ஹெர்னியா உள்ளவரும் ஸ்லீவைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. அறுவைக்கு முன் எண்டோஸ்கோப்பி செய்யாமலேயே ஸ்லீவுக்குத் தேதி கொடுக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

இன்னொரு அபாயம் கசிவு. நீண்ட ஸ்டேப்ளர் கோட்டின் மேல்முனையில், நூறில் ஒருவர் என்ற அளவில் நேரக்கூடியது. அரிதுதான், ஆனால் நேர்ந்துவிட்டால் ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். இது மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் பேச்சில் மறுபடி வரும்.

பைபாஸ்

முழுப் பெயர் ரூ-என்-ஒய் பைபாஸ். எடைக்குறைப்புக்காக இரைப்பையில் பைபாஸ் செய்யும் முறையை அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் 1960களில் தொடங்கிவைத்தார். அது மெல்ல மெல்ல இன்றைய வடிவத்துக்கு வந்தது. இரைப்பையின் உச்சியில் 30 மில்லி அளவுக்கு ஒரு சிறு பை. அதோடு சிறுகுடல் நேரடியாக இணைக்கப்படும். பித்தநீரும் கணைய நீரும் வரும் பாதை கீழே இன்னொரு இணைப்பில் வந்து சேரும். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், சாப்பாடு மட்டும் அந்தப் பக்கம் போகாது.

நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு இதுதான் முதல் தேர்வு. சர்க்கரை நோய்க்கும் இது சற்றே முன்னே நிற்கிறது. கிளீவ்லேண்ட் கிளினிக் நடத்திய ஸ்டாம்பீட் ஆய்வில், ஐந்தாண்டு முடிவில் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 6 அல்லது அதற்குக் கீழ் வைத்திருக்க முடிந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். இந்த எண்களை இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும். மருந்தை அறுவை வெகுதூரம் முந்துகிறது என்பது ஒன்று. அறுவை செய்தவர்களிலும் பத்தில் ஏழு பேர் அந்த இலக்கைத் தொடவில்லை என்பது இன்னொன்று. "சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு" என்று பதாகை வைக்கிறவர்கள் இந்த இரண்டாவதைச் சொல்வதில்லை. பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுவருபவருக்கு வாய்ப்பு இன்னும் குறைவு.

பைபாஸ் கேட்கும் விலையையும் பார்த்துவிடுவோம். பாயசமோ ஜாங்கிரியோ சாப்பிட்டால் அது நேராகக் குடலில் போய் விழும். படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று ஒரு மணி நேரம் படுத்தி எடுக்கும். இனிப்புக்கு இது நல்ல காவல்காரன் என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. இணைப்பில் புண் வரக்கூடும். புகைபிடிப்பவருக்கும் வலிமாத்திரை விழுங்குபவருக்கும் அந்த ஆபத்து அதிகம். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தாமாகவே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மது சட்டென்று ஏறும். சில ஆண்டுகள் கழித்தும்கூடக் குடல் உள்ளே சிக்கிக்கொள்ளும் உட்குடலிறக்கம் வரலாம். அப்போது வரும் வயிற்றுவலியை வாயு என்று தள்ளிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: தென்னிந்தியாவில் இரைப்பைப் புற்றுநோய் நாட்டின் பல பகுதிகளைவிட அதிகம். பைபாஸுக்குப் பின் ஒதுக்கப்பட்ட இரைப்பையை வழக்கமான எண்டோஸ்கோப்பியால் எட்டிப் பார்க்க முடியாது. குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் வந்திருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். ஸ்லீவின் பக்கம் தராசு சாயும் இடம் இது.

மினி பைபாஸ்

பெயரில் 'மினி' இருக்கிறதே தவிர, விளைவில் சிறியது இல்லை. 1997இல் அமெரிக்காவில் ராபர்ட் ரட்லெட்ஜ் தொடங்கியது. இந்தியாவில் நல்ல வரவேற்பு. நீளமான ஒரு இரைப்பைக் குழாய், அதில் குடலை ஒரே இடத்தில் இணைப்பது. பொதுவாக 150 முதல் 200 செ.மீ. குடல் பாதையிலிருந்து விலகிவிடும். இரண்டு இணைப்புக்குப் பதில் ஒன்று என்பதால் நேரம் மிச்சம், மாற்றி அமைப்பதும் சுலபம்.

2019இல் பிரான்சின் யோமேகா ஆய்வு இதைப் பைபாஸோடு ஒப்பிட்டது. எடை விஷயத்தில் இரண்டும் சமம். ஆனால் கடுமையான பக்கவிளைவுகள் மினி பைபாஸில் 42 முறை, பைபாஸில் 24 முறை. சத்துக்குறைபாட்டால் வந்த சிக்கல்கள் மினி பைபாஸில் மட்டும்தான் பதிவாயின. அங்கே விலக்கப்பட்ட குடலின் நீளம் 200 செ.மீ. அதைக் குறைத்தால் நிலைமை மேம்படும் என்று இங்குள்ள பலரும் 150 அளவில் நிறுத்துகிறார்கள். அது நியாயமான வாதம். எனவே, "என் குடலில் எத்தனை சென்டிமீட்டர் விலக்கப்போகிறீர்கள்?" என்பது நோயாளி கேட்கக் கூடாத கேள்வி ஒன்றும் இல்லை.

எனக்கு இதில் உள்ள தயக்கம் சைவச் சாப்பாட்டைப் பற்றியது. அறுவைக்குப் பின் ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம். முட்டையும் தொடாத வீட்டில், கால் தட்டுச் சாப்பாட்டிலேயே நிறைந்துவிடும் வயிற்றோடு, இட்லி, ரசம், தயிர்சாதத்தில் 60 கிராமை எட்ட முடியாது. பனீர், சோயா, சுண்டல், புரதப் பொடி என்று தினமும் கணக்குப் போட்டுச் சாப்பிட வேண்டும். போதாததற்கு, விலக்கிய குடல் நீண்டால் உட்கொண்டதிலும் ஒரு பகுதி உறிஞ்சப்படாமல் போகும். கொழுப்பு சேர்ந்து நாற்றமெடுக்கும் மலம் என்பது பலர் வெளியே சொல்லாத தொல்லை. ஏற்கெனவே இரத்தசோகை உள்ள பெண்களுக்கு இரும்புச்சத்து இன்னும் இறங்கும். பித்தநீர் இரைப்பைக்குள் ஏறி வருவதும் சிலருக்கு உண்டு. ஸ்லீவானாலும் பைபாஸானாலும் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை வாழ்நாள் முழுதும் வேண்டியவைதான். ஆனால் மாத்திரையை மறந்துவிடும் ஆளை ஸ்லீவ் கொஞ்சம் மன்னிக்கும், மினி பைபாஸ் மன்னிக்காது.

மற்றவற்றுக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. இரைப்பையைச் சுற்றிக் கட்டும் பட்டை ஒருகாலத்தில் கொடிகட்டிப் பறந்தது. இப்போது கழற்றி எடுப்பதே அதிகம். பலூன் ஆறு மாதத்துக்குத்தான், எடுத்தபின் எடை திரும்புவது வழக்கம். ஸ்லீவோடு குடலின் பெரும்பகுதியையும் விலக்கும் டியோடினல் ஸ்விட்ச் எடையை மிக அதிகம் குறைக்கும், சத்தையும் அப்படியே. மிகப் பெரிய உடலினருக்கு மட்டும். பசியை அடக்கி எடையைக் குறைக்கும் ஊசிமருந்துகள் நிஜமான போட்டியாளர்கள். செமாகுளூடைடில் சராசரியாக 15 சதவீதம், டிர்செபடைடின் உச்ச அளவில் 21 சதவீதம் வரை மொத்த எடை குறைந்ததை ஆய்வுகள் காட்டின. ஆனால் செமாகுளூடைடை நிறுத்தியவர்கள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் திரும்பப் பெற்றார்கள். பிஎம்ஐ 30ஐ ஒட்டி இருப்பவர் முதலில் ஊசியைப் பற்றிப் பேசலாம். 45இல் இருப்பவர் ஊசியை மட்டும் நம்பிக் காலம் கடத்துவது சரியில்லை.

யாரிடம்?

மிச்சிகனில் 20 அறுவை மருத்துவர்கள் தாங்கள் செய்த பைபாஸ் ஒன்றின் வீடியோவைக் கொடுத்தார்கள். செய்தவர் பெயர் தெரியாமல் சக மருத்துவர்கள் பார்த்துக் கைத்திறனுக்கு மதிப்பெண் போட்டார்கள். 2013இல் வெளியான முடிவு இது: மதிப்பெண்ணில் கடைசிக் கால்பங்கில் இருந்தவர்களின் நோயாளிகளுக்குச் சிக்கல் 14.5 சதவீதம், முதல் கால்பங்கினரிடம் 5.2 சதவீதம். இறப்பு 0.26க்கு 0.05 சதவீதம். ஒரே அறுவை, ஒரே மாநிலம், கைகள் மட்டும் வேறு. ஸ்லீவுக்கும் பைபாஸுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி மாதக்கணக்கில் படிக்கிறவர்கள் இந்த வேறுபாட்டை விசாரிப்பதே இல்லை.

நமக்கு வீடியோ கிடைக்காது, கேள்விகள் கிடைக்கும். ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள், அதில் ஸ்லீவ் எத்தனை, பைபாஸ் எத்தனை? எல்லாமே ஸ்லீவ் என்றால், உங்களுக்கும் ஸ்லீவைத்தான் சொல்வார். மூன்றையும் செய்பவர் "உங்களுக்கு இது வேண்டாம்" என்று ஒன்றையாவது தள்ளிப் பேசினால் அவரிடம் நம்பிக்கை வைக்கலாம். உங்களிடம் கடைசியாகக் கசிவு ஏற்பட்டது எப்போது, என்ன செய்தீர்கள்? "எனக்குக் கசிவே வந்ததில்லை" என்பவர் ஒன்று மிகக் குறைவாகச் செய்திருப்பார், இல்லையென்றால் உண்மையைச் சொல்லவில்லை. கசிவை அடைக்கும் குழாயான ஸ்டென்டை நள்ளிரவில் வைக்க எண்டோஸ்கோப்பி மருத்துவர் இதே கட்டடத்தில் கிடைப்பாரா? தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா? 2024இல் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு இந்த அறுவைக்காகச் சென்ற இளைஞர் உயிரிழந்தார். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. வெளியூர் நிபுணர் வந்து அறுத்துவிட்டுப் போகும் சிறு மருத்துவமனையில் கட்டணம் குறைவாக இருக்கலாம். ஆனால் இரண்டாம் நாள் காய்ச்சலும் படபடப்பும் வந்தால் அங்கே யார் இருப்பார் என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆறு மாதப் படங்கள் எல்லோரிடமும் அழகாகத்தான் இருக்கும். ஐந்தாண்டு ஆன ஒருவரோடு பேசவைக்கச் சொல்லுங்கள். உணவியலாளர் சந்திப்பும் இரத்தப் பரிசோதனைகளும் எத்தனை ஆண்டுகளுக்குக் கட்டணத்தில் அடக்கம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ரோபோ இருக்கிறதா என்பது கடைசிக் கேள்வி, இல்லாவிட்டாலும் குறையில்லை. செலவு தாங்காதவர்கள் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் விசாரிக்கலாம், காத்திருக்க வேண்டிவரும்.

கடைசியாகக் காப்பீடு. 2022இல் உலக அமைப்புகள் திருத்திய வழிகாட்டுதல்படி ஆசியர்களுக்கு 27.5 பிஎம்ஐயிலிருந்தே அறுவையைப் பரிசீலிக்கலாம். நம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியோ 40 என்கிறது. இல்லையென்றால் 35உடன் இதயநோய், கடுமையான உறக்க மூச்சுத்திணறல், கட்டுப்படாத இரண்டாம் வகைச் சர்க்கரை போன்றவற்றில் ஒன்று வேண்டும். மருத்துவர் தகுதி என்று சொன்ன எத்தனையோ பேர் இந்த இடைவெளியில் மாட்டிக்கொள்கிறார்கள். 35ஐத் தாண்டியவர்கள் உறக்கப் பரிசோதனை அறிக்கையையும் கடந்த ஓராண்டின் எச்பிஏ1சி முடிவுகளையும் தேதிவாரியாக அடுக்கி, அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே முன்அனுமதிக்கு அனுப்பிவிட வேண்டும்.