பிளாஸ்டிக் புஷ்: நைலானா, டெல்ரினா, டெஃப்லானா, பீக்கா?

ஷாஃப்ட் (சுழலும் தண்டு) உள்ளே ஓடுவதற்கான குழல் வடிவத் தாங்கிதான் புஷ். அதற்குப் பிளாஸ்டிக் தேடும்போது கேட்டலாக்கில் முதலில் கண்ணில் படுவது உராய்வுக் குணகம்; எண் குறைந்தால் நன்றாக வழுக்கும். டெஃப்லானுக்கு 0.05–0.10, எண்ணெய் இல்லாத டெல்ரினுக்கு (அசிட்டால் பிளாஸ்டிக்) 0.2–0.35. அதை மட்டும் பார்த்து வாங்கினால் அப்புறம் கிளியரன்ஸோடு (ஷாஃப்டுக்கும் துளைக்கும் நடுவே விடும் இடைவெளி) மல்லுக்கட்ட வேண்டியதுதான். நுட்ப மெஷினில் முதல் கேள்வி வேறு: கடைந்த அளவு கடைந்தபடி நிற்குமா?

நைலான் தோற்பது ஈரத்திடம். நைலான் 6 தண்ணீரில் ஊறினால் எடையில் சுமார் 9% குடிக்கும்; 50% ஈரப்பதமுள்ள காற்றில் சும்மா கிடந்தாலே 2.5–3%. வெளிவிட்டத்தை ஹவுசிங் (புஷ் உட்காரும் கூடு) இறுக்கிப் பிடித்திருப்பதால் வீக்கமெல்லாம் உள்துளைக்கே போகும். ஏசி அறையில் சரியாக ஓடிய ஷாஃப்ட் மழைக்காலத்தில் இறுகுவது இதனால்தான். புஷ்ஷில் நீளவாக்கில் சாய்வாக ஒரு வெட்டுப் போட்டால் ஓரளவு தப்பலாம். தூசு படியும் கன்வேயர் உருளைக்கு நைலான் போதும். அளவு முக்கியமான இடத்தில் வேண்டாம்.

டெல்ரின் முழுக்க ஊறினாலும் 1 சதவீதத்தைத் தாண்டாது. அதற்குச் சிக்கல் சூடு. 50 மி.மீ. டெல்ரின் துண்டு 30 டிகிரி ஏறினால் 0.165 மி.மீ. நீளும், அதே எஃகு 0.018தான். போதாக்குறைக்குப் பிளாஸ்டிக் சூட்டை வெளியே கடத்தாது. அதனால் 20 மி.மீ. ஷாஃப்டுக்கு 0.1 மி.மீ. கிளியரன்ஸ் விட வேண்டும். கன்மெட்டலுக்கு (ஒருவகை வெண்கலம்) விடுவதுபோல 0.03 விட்டால் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, புஷ்ஷின் வெளிவிட்டத்தை ஹவுசிங் துளையைவிட 0.08 மி.மீ. பெரிதாக வைத்து அழுத்தினால் உள்துளையும் ஏறக்குறைய அதே 0.08 சுருங்கும். ஆகவே ஹவுசிங்கில் அழுத்திய பிறகே கடைசி போரிங் (உள்துளையை அளவுக்குக் கடைவது). மூன்று தாடை சக்கில் இறுக்கிக் கடைந்தால் கழற்றியதும் துளை முக்கோணமாக நிற்கும். சுற்றிலும் சீராகப் பிடிக்கும் காலெட்டோ சாஃப்ட் ஜாவோ போடுங்கள்.

சுமையையும் கணக்குப் போட்டுவிடலாம். 20 மி.மீ. ஷாஃப்ட், 20 மி.மீ. நீள புஷ், 200 நியூட்டன் லோடு: அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். நிமிடத்துக்கு 300 சுற்றில் வேகம் வினாடிக்கு 0.31 மீட்டர். அழுத்தத்தையும் வேகத்தையும் பெருக்கினால் 0.16; புஷ் தாங்குமா என்பதை இந்தப் பெருக்குத்தொகைதான் சொல்லும். எண்ணெய் இல்லாத சாதா டெல்ரின் தாங்குவது சுமார் 0.1தான். லோடு சின்னதாகத் தெரிந்தாலும் புஷ் உருகும்.

டெஃப்லானின் உண்மையான பலம், நகரத் தொடங்கும்போதும் ஓடும்போதும் உராய்வு ஏறக்குறைய ஒன்றாக இருப்பது. மெதுவாக நகரும் ஸ்லைடு விட்டுவிட்டுக் குதிக்காது. ஆனால் சுத்த டெஃப்லான் லோடில் மெல்ல வழிந்து அளவு மாறும். வெண்கலத்தூளோ கார்பனோ கலந்ததையே எடுங்கள். கண்ணாடி இழை கலந்தது மிருதுவான ஸ்டெயின்லெஸ் ஷாஃப்டைக் கீறிவிடும். பலரும் கவனிக்காத ஒன்று: 19 டிகிரியில் அதன் படிக அமைப்பு மாறி, பருமன் 1 முதல் 1.8% வரை மாறும். அளவுக்கூடத்தின் வழக்கமான 20 டிகிரி அதன் வாசலிலேயே இருக்கிறது. 23 டிகிரிக்கு மேல் வைத்து அளப்பது பாதுகாப்பு.

பீக் (PEEK) சூட்டுக்கும் ரசாயனத்துக்கும் ஈடுகொடுக்கும் பிளாஸ்டிக். அதில் பேரிங் ரகம் என்றால் கார்பன் இழை, கிராஃபைட், டெஃப்லான் தலா 10%. விரிவு டெல்ரினில் பாதிக்கும் குறைவு. மேலே போட்ட கணக்கின் 0.16 அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 143 டிகிரியைத் தாண்டினால் விரிவு இரண்டு மடங்குக்கு மேல் போகும். விலையும் கையைக் கடிக்கும். சூடோ ரசாயனமோ இல்லாத இடத்தில் வீண் செலவு.

அளவுதான் முக்கியம் என்றால் நாங்கள் கை வைப்பது இந்த நாலிலும் இல்லை, டி.யூ. ரக புஷ்ஷில். எஃகு முதுகு, அதன்மேல் கால் மி.மீ. நுண்துளை வெண்கலம், மேலே 0.01–0.03 மி.மீ. டெஃப்லான் பூச்சு. பிளாஸ்டிக் அவ்வளவு மெலிதாக இருப்பதால் வீங்கவோ விரியவோ அங்கே எதுவும் இல்லை. சூடும் எஃகு வழியாக இறங்கிவிடும். தொடர் ஓட்டத்தில் அதே பெருக்குத்தொகை சுமார் 1.8 வரை தாங்கும். இதில் ரீமர் (துளையைச் சீவி அளவாக்கும் கருவி) விடவே கூடாது, பூச்சு போய்விடும். தூசு புகுந்தாலும் சீக்கிரம் கெடும். கழற்றிப் பார்க்கையில் உள்ளே வெண்கல நிறம் பரவலாகத் தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள். அதற்கப்புறம் தேய்மானம் வேகமெடுக்கும்.